நான் வாங்கிக் கொடுத்த வாய்தா

விளையாட்டில் அதிகக் கோபம் வருவது கோட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்குத்தான். ஆடுகிறவனுக்கு ஏது நேரம்? மூச்சு வாங்கவே அவனுக்குப் போதாது. வெளியே நிற்கிறவனிடம் மூச்சு மிச்சம் இருக்கும். அதை அவன் நடுவர்மேல் செலவழிப்பான்.

நான் வெளியே நின்றவன். கூடைப்பந்தை என் வாழ்நாளில் இரண்டே முறை தொட்டிருக்கிறேன். ஒரு முறை அது வாய்க்காலில் விழுந்தபோது எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு முறை அதுவே வந்து என் மூக்கைத் தொட்டது. (இதையும் நான் தொட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.) ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள ஒருவன் அந்த ஆட்டத்தின்மேல் எப்படிப் பைத்தியமானான் என்று கேட்காதீர்கள். எட்டாத பொருளின்மேல்தானே மனிதனுக்கு ஆசை வரும்.

எழுபதுகளின் கடைசி. ஒரகடம் பக்கம் இன்றைக்கு இருக்கிற மாதிரி கம்பெனிக்கு ஒட்டிக் கம்பெனி அப்போது கிடையாது. எங்கள் பம்பு செட் கம்பெனியின் சங்கு ஊதினால் மூன்று ஊருக்குக் கேட்கும். வேறு சத்தம் எதுவும் குறுக்கே வராது. அங்கே நான் ஸ்டோர் கிளார்க். என் உண்மையான பெருமை அதில் இல்லை, விசாரணையில் இருந்தது.

கம்பெனியில் ஒரு தொழிலாளிமேல் புகார் வந்தால் முதலில் சஸ்பெண்ட் செய்வார்கள், பிறகு விசாரணை வைப்பார்கள். விசாரணையில் அவனுக்காகப் பேச இன்னொரு தொழிலாளி பக்கத்தில் உட்காரலாம். எங்கள் சங்கத்தில் அப்படி உட்காருகிறவன் நான். நான் படித்தது எட்டாம் வகுப்பு. சட்டம் படித்தது பழைய மனுக்களின் கார்பன் காப்பியில். நான்கு பேருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன். நான்கு பேரையும் காப்பாற்றியது ஒரே வித்தை: வாய்தா கேட்பது. திங்கட்கிழமை மேனேஜருக்கு இருக்கிற கோபம் வியாழக்கிழமை இருக்காது. அடுத்த மாதம் தள்ளிப்போனால் என்ன குற்றம் என்பதே அவருக்கு மறந்துவிடும். அதனால் நான் விசாரணை அறையைவிட்டு வெளியே வந்து, "வாய்தா!" என்று ஒரு விரலைத் தூக்கினால் போதும், கேட்டில் நிற்கிற நம் ஆட்கள் கைதட்டுவார்கள். சஸ்பெண்ட் ஆனவனின் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இந்த வித்தையைத்தான் நான் கூடைப்பந்துக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் ஊர் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஒரு சிமென்ட் கூடைப்பந்துக் கோட்டு உண்டு. எப்போதோ இருந்த வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் போட்டுவிட்டுப் போனது. திருவிழாச் சமயத்தில் அங்கே போட்டி நடக்கும். சுற்றுவட்டாரக் கம்பெனிகள், ஆவடி, காஞ்சிபுரம் என்று டீம்கள் வரும். தோற்றால் வெளியே. எங்கள் கம்பெனி டீமின் உயிர் ஆரோக்கியராஜ் என்கிற ஆரோக்கியம். ஆறடி மூன்று அங்குலம். லாரியில் லோடு இறக்க வந்தவனை, ஏணி இல்லாமல் பல்பு மாட்டியதைப் பார்த்து மேனேஜர் டீமில் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவன் காஷுவல். காஷுவல் என்றால், காலையில் கேட்டுக்கு வந்த பிறகுதான் அன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியும். அப்படிப்பட்டவனுக்கு வாடகைக்கு வீடுகூட யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் மேனேஜர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீம் ஃபைனலுக்குப் போகட்டும். அடுத்த மாசம் நீ பர்மனென்ட்."

ஃபைனலில் ஜெயிக்கக்கூட வேண்டாம், போனால் போதும். ஆரோக்கியத்துக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் இறுதி, ஆவடியிலிருந்து வந்த டீமோடு. ஆரோக்கியம் நான்கு ஃபவுல் வாங்கிவிட்டான். ஐந்தாவது வாங்கினால் வெளியே என்பதால் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பெஞ்சின் ஒரு முனையில் அவன். மறு முனையில் பொன்னுரங்கண்ணன். இவர் எங்கள் கேன்டீன் மாஸ்டர். நூறு கிலோவுக்குக் குறையாது. மோரும் அவித்த முட்டையும் கொண்டுவருகிறவர் என்பதால் பன்னிரண்டாவது ஆட்டக்காரராகப் பேர் எழுதியிருந்தார்கள். பனியனில் நம்பர்கூட உண்டு. (நம்பர் முழுதாகத் தெரிய அவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.)

ஆட்டம் முடிய மூன்று நிமிஷம். எங்கள் தேவராஜ் பந்தோடு எகிறினான். ஆவடிக்காரன் ஒருவன் அந்தரத்தில் இருந்தவனை இடுப்பால் ஓர் இடி இடித்தான். தேவராஜ் பறந்துபோய் ஸ்கோர் மேசைமேல் விழுந்தான். மேசை, மணி, சாக்பீஸ் டப்பா, எழுதிக்கொண்டிருந்தவரின் டீ எல்லாம் சேர்ந்து தரைக்கு வந்தன. கோட்டுக்குள் தள்ளுமுள்ளு.

"அடிங்... எங்க புள்ளைய இடிச்சிட்டான்டா!" என்று கத்திக்கொண்டு பொன்னுரங்கண்ணன் எழுந்து கோட்டுக்குள் பாய்ந்தார்.

அந்தப் பெஞ்சைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெஞ்சு. ஆசாரி கால்களை உள்ளே தள்ளி அடித்திருந்தார். ஒரு முனையில் இருக்கிறவர் எழுந்தால் மறு முனையில் இருக்கிறவர் கீழே போவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆரோக்கியத்துக்குத் தெரியாது. பொன்னுரங்கண்ணன் எழுந்ததும் அவன் பக்கம் பெஞ்சு சரிந்தது. விழாமல் சமாளிக்க அவன் நாலு எட்டு எடுத்து வைத்தான். அவன் நாலு எட்டு வைத்தால் எங்கே நிற்பான்? சண்டைக்கு நட்டநடுவில் நின்றான், கொடிமரம் மாதிரி. ஒருத்தனையும் தொடவில்லை.

விசில் ஊதியது. நடுவர் ஞானமுத்து, அந்தப் பள்ளிக்கூடத்தின் பி.டி. வாத்தியார், நோட்டை எடுத்து எழுதினார். ஆட்டம் தொடர்ந்தது, எப்படியோ இரண்டு பாயின்டில் ஜெயித்தோம். ஜெயித்த சந்தோஷம் கால் மணி நேரம் இருந்தது. பிறகு அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள்.

ஆரோக்கியத்துக்கும் பொன்னுரங்கத்துக்கும் அடுத்த ஆட்டம் கிடையாது. இடித்த ஆவடிக்காரனுக்கு? எச்சரிக்கை.

காரணம் ஒன்பதாம் விதி. போன வருஷச் சண்டையில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே ஓடி, சண்டை கோயில் பக்கம் நகர்ந்து, சப்பரத்தில் இருந்த சம்மனசு (தேவதூதர்) சிலை ஒன்றின் இறக்கை முறிந்துவிட்டது. அதற்காகப் பங்குச் சாமியார் மத்தியாசு புதிதாகச் சேர்த்த விதி: சண்டை நடக்கையில் பெஞ்சைவிட்டுக் கோட்டுக்குள் வருகிறவர் யாரானாலும் அடுத்த ஆட்டம் கிடையாது. சண்டையை ஆரம்பிக்கிறவனுக்கு என்ன தண்டனை என்று எழுத மறந்துவிட்டார்கள். இடித்தவனுக்கு ஒரு முறைப்பு, எழுந்து நின்றவனுக்கு ஒரு வருஷப் பிழைப்பு. அந்த அநியாயத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிறது. மற்றபடி எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது.

"பரவால்லண்ணே, வுடு," என்றான் ஆரோக்கியம். "சாமிகிட்ட நானே போயி சொல்லிக்கிறேன். பெஞ்சு சாஞ்சிடுச்சின்னா நம்புவாரு."

"நீ வாயத் தொறக்காத," என்றேன். "சஸ்பெண்ட் ஆனவன் வாயத் தொறக்கவே கூடாது. அதுக்குத்தான் நான் கீறேன்."

மறுநாள் சனிக்கிழமை. நாலரைக்கு அரை இறுதி. மூன்று மணிக்குச் சாமியார் அறையில் விசாரிக்கச் சம்மதம் வாங்கினேன். 'மகா கனம் பொருந்திய' என்று ஆரம்பித்து நான்கு பக்கம் மனு எழுதினேன். பெஞ்சையும் கேன்டீன் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மத்தியாசு சாமி எட்டிப் பார்த்தார். "என்னப்பா சூசை, பெஞ்சை எதுக்கு இங்க கொண்டாந்த?"

"சாட்சி சாமி."

"பெஞ்சா?"

"ஆமா சாமி. சம்பவ இடத்துல ரெண்டு டீமுக்கும் சேராத சாட்சி இது ஒண்ணுதான்."

போட்டிக் கமிட்டி என்பது சாமியாரும் பி.டி. வாத்தியாரும்தான். நான் நான்கு பக்கத்தையும் படித்தேன். 'இயற்கை நீதி' என்ற வார்த்தை ஏழெட்டு இடத்தில் வந்தது. (அர்த்தம் இன்றைக்கும் எனக்கு அரைகுறைதான். ஆனால் அதைச் சொன்னால் எங்கள் மேனேஜர் தண்ணீர் குடிப்பார்.) சாமியார் தண்ணீர் குடிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு அவர் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்க, அதாவது ஊரார் பாவங்களைக் கேட்டு மன்னிக்க, போக வேண்டும்.

வாத்தியார் சிரித்தார். "பெஞ்சு தள்ளிச்சாம், இவரு போனாராம்! முப்பது வருஷமா பெஞ்சுல உக்காந்துகினு கீறேன் சாமி. என்னை எந்தப் பெஞ்சும் தள்ளினது கெடையாது."

"அப்ப நீங்களே உக்காந்து பாருங்க சார்," என்றேன்.

ஆரோக்கியம் இருந்த முனையில் வாத்தியார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மறு முனையில் பொன்னுரங்கண்ணன்.

"அண்ணே, அந்த நிமிஷம் இன்னா செஞ்சீங்களோ, அப்டியே செஞ்சி காட்டுங்க."

பொன்னுரங்கண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "அடிங்... எங்க புள்ளைய இடிச்சிட்டான்டா!" என்று ஜன்னல் அதிர எழுந்தார்.

வாத்தியாரைக் காணோம். அவர் இருந்த இடத்தில் இரண்டு கேன்வாஸ் ஷூ தெரிந்தன. விழுகிற வேகத்தில் கழுத்து விசில் எப்படித்தான் வாய்க்குள் போனதோ, தரையிலிருந்து 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"சாமி, இன்னொரு வாட்டி செஞ்சி காட்டட்டா?" என்றார் பொன்னுரங்கண்ணன், அக்கறையோடு.

"வேணாம்!" என்றது தரை.

மத்தியாசு சாமி சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து, அங்கியால் துடைத்துக்கொண்டார். கையில் பேனாவை எடுத்தார். "போதும் சூசை. என் கண்ணாலயே பாத்துட்டேன். அந்தப் பையன்..."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். சும்மா நின்றிருந்தாலே போதும். ஒரு தும்மல் வந்திருந்தால்கூட ஆரோக்கியத்துக்கு நல்லது நடந்திருக்கும். ஆனால் எனக்கு அப்போது மேசை தெரிந்தது, பேனா தெரிந்தது, காகிதம் தெரிந்தது. விசாரணை அதிகாரி பேனாவை எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று என் நாக்குக்கு நன்றாகப் பழகியிருந்தது. அது என்னைக் கேட்கவில்லை.

"சாமி, ஒரு நிமிஷம்! எங்க தரப்புச் சாட்சி இன்னும் முடியல. தேவராஜ் பாக்கி, ஸ்கோர் எழுதினவரு பாக்கி. பெஞ்சு செஞ்ச ஆசாரியை விசாரிக்கணும். இன்னிக்கி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வாய்தா குடுக்கணும்."

பின்னாலிருந்து ஆரோக்கியம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். விசாரணையில் பயந்துபோய்ச் சட்டையை இழுக்கிற எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான்.

வாத்தியார் தரையிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "நியாயமான பேச்சு சாமி. அவரே டைம் கேக்குறாரு. குடுத்துடுங்க. திங்கக்கெழம வச்சிக்கலாம். அதுவரிக்கும் தடை அப்டியே இருக்கட்டும்."

சாமியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சூசை, நெசமாவே வேணுமா?"

"வேணும் சாமி. எழுத்துல வேணும்."

"எழுத்துலயா?"

"ரெண்டு காப்பி."

எழுதினார். பங்கின் முத்திரையும் வைத்தார். ஒரு காப்பி வாத்தியார் சட்டைப் பைக்குள் போனது. அவர் போன வேகத்தில், விழுந்த இடுப்பு வலிப்பதாகத் தெரியவில்லை.

கோயில் வாசலில் எங்கள் கம்பெனி ஆட்கள் இருபது பேர் காத்திருந்தார்கள். நான் காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கினேன்.

"வாய்தா!"

கைதட்டினார்கள். அதுதான் இந்தக் கதையில் நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே சாக்கு. நான் மட்டும் முட்டாள் இல்லை, இருபது பேர் கைதட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான். இரண்டு பேர் என்னைத் தோளில் தூக்கினார்கள். ஐந்தடி ஓர் அங்குலக்காரன் வாழ்க்கையில் முதல்முறையாக ஆரோக்கியத்தைவிட உயரத்தில் இருந்தேன்.

கீழே இருந்து அவன் கேட்டான், ரொம்பப் பொறுமையாக: "அண்ணே, மேட்சு எத்தினி மணிக்கி?"

"நாலரை."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"வாய்தா எந்நாளிக்கி?"

"திங்கக்..."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. என்னைத் தூக்கியிருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னை இறக்கி வைத்தார்கள் என்று எழுத ஆசைதான். விட்டுவிட்டார்கள்.

"இன்னாபா சூசை," என்றார் பொன்னுரங்கண்ணன். "அவரு சாவிய போட்டு கதவத் தொறந்தாரு. நீ உள்ள பூந்து தாப்பா போட்டுட்டியே."

ஓடினேன். சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் ஆறு கிழவிகள். அவர்கள் செய்த பாவத்தைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. என் முறை வந்து முழங்காலில் நின்று, கம்பி வலைக்குள் மூச்சு வாங்கினேன்.

"சாமி, வாய்தா வேணாம் சாமி."

"யாரு? சூசையா?" உள்ளே ஒரு பெருமூச்சு. "நீ கேட்ட, எழுதிக் குடுத்தேன். ஒரு காப்பி வாத்தியார்கிட்ட இருக்கு. இந்நேரம் எதிர் டீமுக்கும் காட்டியிருப்பாரு. இனிமே மாத்தினா, நேத்து சண்டை மாதிரி இன்னொண்ணு வரும். இங்க நான் பாவத்தைத்தான் மன்னிக்க முடியும்."

"அப்ப நான் செஞ்சது?"

"அது பாவத்துல சேராது. அதுக்கு மன்னிப்பும் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் மூணு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிக்க," என்றார்.

நாலரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது. மூன்று பாயின்டில் தோற்றோம். ஆரோக்கியம் கோட்டுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி நிமிஷத்தில் வளையத்தின்மேல் பட்டுத் திரும்பிய பந்து ஒன்று அவன் தலைக்கு நேரே வந்தது. கை பாதி எழுந்துவிட்டது. பிறகு நினைவு வந்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அன்று நான் நடுவரைப் பார்த்து ஒரு வார்த்தை கத்தவில்லை. கத்த மூச்சு இருந்தது, முகம் இல்லை.

திங்கட்கிழமை விசாரணை ஒழுங்காக நடந்தது. நான் ஆசாரியைக்கூட அழைத்துப் போயிருந்தேன். இரண்டே நிமிஷத்தில் ஆரோக்கியம் குற்றமற்றவன் என்று தீர்ப்பு. தடை நீங்கியது. போட்டி ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருந்தது.

பர்மனென்ட் பேச்சை மேனேஜர் மறந்துபோனார். நான் சொன்னேனே, தள்ளிப்போனால் அவருக்கு மறந்துவிடும் என்று. அந்த வித்தை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆரோக்கியம் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவனுக்குப் பர்மனென்ட் கேட்டு மாதம் ஒரு மனு எழுதுவது என்று எனக்கு நானே தண்டனை விதித்துக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவான். நான் சொல்லச் சொல்ல என் தங்கை பிலோமினா அழகாக எழுதுவாள். என் கையெழுத்தை மேனேஜர் படிக்க மாட்டார் என்று அவள்தான் சொன்னாள். இரண்டு வருஷம், இருபதுக்கு மேல் மனு. கடைசியில் வேறு மேனேஜர் வந்து அவனைப் பர்மனென்ட் செய்தார்.

"இனிமே மனு வேணாம் ஆரோக்கியம்," என்றேன் சந்தோஷமாக.

"ஆமாண்ணே," என்றவன் நகரவில்லை. நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்தபடியே நின்றான். பிலோமினா உள்ளே போய்விட்டாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. கேன்டீனில் பொன்னுரங்கண்ணன்தான் சொன்னார்: "யோவ், ரெண்டு வருசமா மனு எழுதின வூட்ல இன்னா நடக்குதுன்னு உனக்கு மட்டும் இன்னும் காப்பி வரலியா?"

கல்யாணம் முடிவானது. எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஊரறியச் சொல்வது. முதல் ஞாயிறு மத்தியாசு சாமி வாசித்தார். ஆரோக்கியராஜ் பெயர், பிலோமினா பெயர், பெற்றோர் பெயர். பிறகு, "இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குக்குருவிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வழக்கமான வரி.

அங்கே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். நான் இருந்த பக்கம் பார்த்தார்.

"சூசை, உனக்கு ஒண்ணும் டைம் வேணாமே?"

தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பிறகு பலிபீடம் வரை சிரிப்பு. பி.டி. வாத்தியார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண்கள் பக்கத்தில் பிலோமினா முக்காட்டுக்குள் போய்விட்டாள்.

அதோடு முடிந்ததா? அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்கு ஓலை வாசித்தாலும், அந்த வரி வரும்போது யாராவது ஒருவர் என் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். என் கல்யாணத்துக்கே என் சட்டையைப் பிடித்தார்கள். போன வருஷம் தங்கையின் கடைசி மகளுக்கு வாசித்தபோது, வலது தோளில் மச்சான் ஆரோக்கியத்தின் கை, இடது தோளில் பேரன் கை, பின் வரிசையிலிருந்து காலரில் யாருடைய கையோ. நான் சுவாசிக்கக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் சுவாசித்தேன்.

புதிதாக வந்திருக்கிற இளம் சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. பூசை முடிந்ததும் கவலையோடு எங்களிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெரியவருக்கு இந்தக் கல்யாணத்துல ஏதாவது ஆட்சேபணையா?"

"சேச்சே, இல்ல ஃபாதர்," என்றார் ஆரோக்கியம், என் தோளில் வைத்த கையை எடுக்காமலே. "இவரு நம்ம கட்சிதான். அதான் பயம்."